லூசியானாவுக்கு மாற்றல் வருகிறது, போகலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்

குற்றாலச்சாரல்

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருடமாக ஒஹாயோவில் இருக்கிறோம். பேட்டன் ரூஜுக்குப் போகிறாயா என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். கெமிக்கல் பிளாண்ட்டில் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை, சம்பளமும் கொஞ்சம் கூட. நண்பர்களிடம் சொன்னால் ஒருவர் பாக்கியில்லாமல் முகத்தைச் சுளிக்கிறார்கள். டெக்சாஸ் என்றால் சரி, லூசியானாவா, புயலும் கொசுவும் முதலையும்தானே அங்கே என்கிறார்கள். இதில் வேடிக்கை, அவர்களில் ஒருவர்கூட அங்கே ஒரு ராத்திரி தங்கியவர் இல்லை.

வாடகை, பள்ளிக்கூட ரேட்டிங் எல்லாம் நானே தேடிப் பார்த்துக்கொள்வேன். எனக்குத் தெரிய வேண்டியது, அங்கே வாழ்கிற வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது. இந்த ஊரில் ஆறு வருடம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குச் சரியாகத் தெரியாது. பார்த்தால் கையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன், அவ்வளவுதான் எங்கள் உறவு. மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் நாலாம் வகுப்பு.

முதலைஅண்ணாச்சி

தம்பி, முகம் சுளிப்பவர்களை விடுங்கள். அவர்களில் பாதிப் பேர் ஹூஸ்டனிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் காரில் போகும்போது நடுவில் பெட்ரோல் போட இறங்கியதோடு சரி. நான் பதினாலு வருடமாக இங்கே இருக்கிறேன், முதல் நாலு வருடம் லாஃபயெட், அப்புறம் பேட்டன் ரூஜ்.

வந்த முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். இந்த ஊரில் நல்ல சாப்பாடு பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும், இப்போது நம்ப மாட்டீர்கள். ஒரு பங்க் வாசலில் 'பூடான்' என்று பலகை. என்னடா இது, நாட்டின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்களே என்று உள்ளே போனேன். சோறும் பன்றிக் கறியும் வெங்காயத்தாளும் மிளகும் பிசைந்து குடலில் அடைத்து வேகவைத்த சமாச்சாரம் அது. இரண்டு கேட்டேன். கல்லாவில் இருந்த பாட்டி மூன்றைப் பொட்டலம் கட்டினார். ஒன்று கூட இருக்கிறதே என்றேன். "லான்யாப், ஷா" என்று சிரித்தார். ஷா என்பது நாம் ராசா, கண்ணு என்று சொல்கிற மாதிரி. லான்யாப் என்றால் என்ன தெரியுமா? கொசுறு! கத்தரிக்காய் வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலை சும்மா போட்டுக் கொடுப்பார்களே, அதே கொசுறு. தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் பிறந்து, ஸ்பானிஷ்காரர் வாய்க்கு வந்து, பிரெஞ்சுக்காரர் வாயில் நசுங்கி இங்கே வந்து சேர்ந்த சொல். அமெரிக்காவில் நான் நாலு மாநிலத்தில் இருந்திருக்கிறேன், வேறு எங்கேயும் கொசுறுக்கென்று ஒரு சொல்லைக் கேட்டதில்லை. சொல் இருக்கிறது என்றால் பழக்கம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது என்றீர்களே. இங்கே பெயர் தெரியாமல் இருக்க நினைத்தாலும் முடியாது. நான் குடி வந்தது மார்ச் மாதம், கிராஃபிஷ் பருவம். நன்னீரில் வாழ்கிற குட்டிச் சிங்கிறால் மாதிரி இருக்கும் அது. சனிக்கிழமை மதியம் எதிர்வீட்டில் கேஸ் அடுப்பில் ஒரு அண்டா ஏறியது, நம் ஊர்க் கல்யாண வீட்டு அண்டா அளவுக்கு இருக்கும். ஒரு சாக்கு கிராஃபிஷ் என்பது ஏறக்குறைய 35 பவுண்டு. அதை மிளகாய், உப்பு, எலுமிச்சை, முழுப் பூண்டு, உருளைக்கிழங்கு, சோளக்கதிர் எல்லாம் போட்டு வேகவைத்து, நீள மேசையில் செய்தித்தாள் விரித்து அப்படியே கவிழ்த்துவிடுவார்கள். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது, எல்லாரும் நின்றுகொண்டு கையால் உரித்துச் சாப்பிடுவதுதான். வாலைக் கிள்ளி எடுக்க வேண்டும், தலையை உறிஞ்ச வேண்டும். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், நண்டு உறிஞ்சிப் பழகியவன், அந்த ஒரு மதியத்தில் எனக்குத் தெருவில் மரியாதை ஏறிவிட்டது. எங்கிருந்து வருகிறாய், என்ன வேலை என்றெல்லாம் பிறகுதான் கேட்டார்கள். முதல் கேள்வி, "உன் அம்மா என்ன சமைப்பார்?"

சிக்கரிக்காரி

நியூ ஆர்லியன்ஸிலிருந்து நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயரைப் பார்த்தாலே புரியும். அமெரிக்கா வந்த புதிதில் எந்தக் காபியைக் குடித்தாலும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே இருந்தது. இந்த ஊருக்கு வந்து முதல் நாள் ஒரு கஃபேயில் பாதி பால், பாதி டிகாக்ஷன் கலந்து கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது, ஏனென்றால் அதில் சிக்கரி இருந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் துறைமுகத்தை மறித்தபோது காபிக்கொட்டை வராமல் போய் இவர்கள் சிக்கரி கலக்க ஆரம்பித்திருக்கிறார்கள், போர் முடிந்தும் நாக்கு விடவில்லை. நாம் 80:20 வேண்டுமா 70:30 வேண்டுமா என்று கடையில் நின்று சண்டை போடுவோமே, அந்த ருசி தெரிந்த அமெரிக்கர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். மஞ்சள் டப்பாவில் விற்கிற சிக்கரிக் காபிப்பொடியை வாங்கி நம் பித்தளை ஃபில்டரில் போட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

இன்னொன்று. மார்க்கெட்டில் மிர்லிடன், மிர்லிடன் என்று பெருமையாக ஒரு காயைக் காட்டினார்கள். பார்த்தால் நம் சௌசௌ! பெங்களூர்க் கத்தரிக்காய்! நம் வீட்டில் கூட்டு வைத்தால் "இன்றைக்கும் இதுதானா" என்று முகம் திருப்புவோமே, இங்கே அதைக் குடைந்து இறால் அடைத்து சுட்டுப் பண்டிகைக்கு வைக்கிறார்கள். என் அம்மாவிடம் போனில் சொன்னேன், ஐந்து நிமிடம் சிரித்தார்.

மார்டி கிரா என்கிற திருவிழா பற்றி வெளியே தெரிவது எல்லாம் குடியும் கூத்தும்தான். அது ஒரு தெருவில் வெளியூர்க்காரர்கள் செய்வது. குடும்பங்கள் இருக்கிற இடம் வேறு. ஜனவரி 6-ஆம் தேதி தொடங்கி, ஈஸ்டர் எப்போது என்பதைப் பொறுத்துப் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வருகிற செவ்வாய்க்கிழமை வரை திருவிழாதான். கடைசி இரண்டு வாரம் வரிசையாக ஊர்வலங்கள். க்ரூ என்று பெயருள்ள சங்கங்கள் தேர் கட்டி வருகின்றன, செலவெல்லாம் உறுப்பினர்கள் கைக்காசு. நம் ஊர்க் கோயிலில் மண்டகப்படிக்காரர்கள் இருக்கிறார்களே, அச்சாக அதுதான். யார் மண்டகப்படி எந்த நாள், யார் தேர் பெரியது என்கிற போட்டி உட்பட. குழந்தைகளுக்கு ஏணி மேல் பெட்டி மாதிரி இருக்கை அடித்து உட்கார வைப்பார்கள், அப்போதுதான் தேரிலிருந்து வீசுகிற பாசிமணி எட்டும். சூலு என்கிற கறுப்பின மக்களின் க்ரூ வண்ணம் பூசிய தேங்காய் கொடுக்கும், அதுதான் இருப்பதிலேயே மதிப்பு. முதலில் வீசிக்கொண்டிருந்தார்கள், மண்டைகள் உடைந்து வழக்கான பிறகு கையில்தான் கொடுக்கிறார்கள். நாலு வருடம் நின்றும் எனக்குத் தேங்காய் கிடைக்கவில்லை. தேங்காய்க்காக ஏங்குகிற தமிழச்சி உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் மழைநீர் வடிகாலைச் சுத்தம் செய்தபோது ஊர்வலம் போகிற ஒரே சாலையின் சில தெருக்கள் நீளத்திலிருந்து மட்டும் 46 டன் பாசிமணி எடுத்தார்கள். மழைக்குப் பயப்படுகிற ஊர், அதன் வடிகால் நிறைய பாசிமணி.

கேட்டிவாசி

எல்லாம் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். நான் லூசியானாவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு டெக்சாஸ் கேட்டிக்கு வந்தவன், அதனால் மறுபக்கத்தைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து லாப்ளாஸில் வீடு வாங்கினேன். 2021 ஆகஸ்ட் 29, ஐடா புயல். கத்ரீனா வந்ததும் அதே ஆகஸ்ட் 29, 2005-இல். தேதியைப் பார்த்தே எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் வர வாரக்கணக்கானது. சரி, காப்பீடு இருக்கிறதே என்று பார்த்தால், கம்பெனி திவால். அந்த ஒன்றிரண்டு வருடத்தில் மாநிலத்தில் பல காப்பீட்டுக் கம்பெனிகள் வரிசையாக விழுந்தன, என்னுடையது அதில் ஒன்று. பணம் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, வந்ததும் முழுசாக இல்லை. அடுத்த பாலிசி எடுக்கப் போனால் மூன்று மடங்கு கேட்டார்கள். கொசுறு தருகிற பாட்டி நல்லவர்தான், ஆனால் கூரையைப் போட்டுத் தர மாட்டாரே.

இன்னொன்று, தம்பி கெமிக்கல் பிளாண்ட் வேலைக்குப் போகிறார். பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவே மிசிசிப்பிக் கரையோரம் முழுக்க அந்த ஆலைகள்தான். அந்தப் பட்டைக்குக் 'கேன்சர் ஆலி' என்றே ஒரு பெயர் இருக்கிறது. வேலை பார்க்கலாம், வீட்டை எங்கே எடுக்கிறோம் என்று யோசித்து எடுங்கள். அரசுப் பள்ளிகளும் இடத்துக்கு இடம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். விற்பனை வரி உள்ளூர் வரியோடு சேர்த்தால் ஏறக்குறைய 10 சதவீதம். கலாசாரம் கலாசாரம் என்று பேசுவதற்கு முன்னால் இதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

முதலைஅண்ணாச்சி

கேட்டி சார் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஐடாவுக்குப் பிறகு என் பிரீமியமும் இரண்டு மடங்கு.

தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் வராது, அது தனி. அரசாங்க வெள்ளக் காப்பீடு எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். டிவியில் புயல் சுழல்வதைப் பார்த்த பிறகு எடுக்க ஓடினால் பிரயோஜனமில்லை. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. முதல் வருடம் வாடகைக்கு இருங்கள், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். இந்த ஊர்க்காரர்கள் வீடு பார்க்கப் போனால் சமையலறையை அப்புறம்தான் பார்ப்பார்கள், முதல் கேள்வி "2016-இல் தண்ணீர் வந்ததா?"

அந்த 2016 வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது பாதிக் கதை. ஆகஸ்ட் மாதம். பெயர் வைக்கிற அளவுக்குப் புயல்கூடக் கிடையாது, சும்மா ஒரு மழை மேகம் வந்து நகராமல் நின்றுகொண்டது. சில இடங்களில் மூன்று நாளில் 20 அங்குலத்துக்கு மேல். பேட்டன் ரூஜ், டென்ஹாம் ஸ்பிரிங்ஸ் எல்லாம் கடல். நாங்கள் மாடியில் இருந்தோம், மகன் கைக்குழந்தை. அவசர எண்ணுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. விடிந்து பார்த்தால் தெருவுக்குள் ஒரு மீன்பிடிப் படகு வருகிறது, மேலே தொப்பி போட்ட ஒரு ஆள், காலுக்கடியில் நாய். யாரும் அவரை அனுப்பவில்லை. இருபது மைல் தள்ளி வீடு, சொந்தப் படகை வண்டியில் இழுத்துக்கொண்டு வந்து இறக்கியிருக்கிறார். கத்ரீனா சமயத்தில் இப்படிப் படகோடு இறங்கியவர்களுக்கு 'கேஜன் நேவி' என்று பெயர் வந்தது (கேஜன் என்பது பிரெஞ்சு வழி வந்த இந்த ஊர் மக்கள்), இன்றுவரை வெள்ளம் என்றால் அவர்கள் இறங்குகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் நம் மீனவர்கள் படகைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தார்களே, அதைத்தான் நான் அன்றைக்கு நினைத்தேன். எங்களை இறக்கிவிட்டபோது பணம் நீட்டினேன். வாங்கவில்லை. அடுத்த கிராஃபிஷ் பருவத்துக்கு அழைத்தேன், வந்தார், என் மனைவி வைத்த மீன் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "இதில் ரூ எங்கே?" என்று கேட்டார். ரூ என்பது இவர்கள் குழம்புக்கு அடிப்படை, மாவையும் எண்ணெயையும் கிண்டிச் செய்வது.

நான் இங்கேயே இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், சார். நீங்கள் போனதும் சரிதான். ஒன்பது வருடம் வாழ்ந்த ஊரில் வீடு போனவருக்கு நான் என்ன சொல்ல முடியும்.

கேட்டிவாசி

கோபமெல்லாம் இல்லை அண்ணாச்சி. உண்மையைச் சொன்னால் இங்கே வீடு நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது, பேர்லாண்டில் இருக்கிற மீனாட்சி கோயிலுக்கும் காரில் போய்விடலாம். ஆனால் ஜனவரி வந்தால் என் மகன் மார்டி கிரா பருவத்துக் கிங் கேக் கேட்கிறான். கடையில் கிடைக்கிறது, வாங்கித் தருகிறேன். "உள்ளே பொம்மை இருக்கிறது, ஆனால் பொம்மை வந்தவன் அடுத்த கேக் வாங்க வேண்டும் என்று இந்தக் கிளாஸில் யாருக்கும் தெரியவில்லையே அப்பா" என்கிறான்.

வண்டல்மண்

மன்னார்குடிக்காரன். லாஃபயெட்டுக்கு மேற்கே க்ரௌலி பக்கம் நெல் சம்பந்தப்பட்ட வேலை. ஆமாம், நெல்லுதான். அமெரிக்காவில் வரப்பில் நடந்து வேலைக்குப் போகிறேன் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை.

அண்ணாச்சி கிராஃபிஷ் தின்ற கதை சொன்னார், அது விளைகிற கதையை நான் சொல்கிறேன். கோடையில் நெல் அறுத்துவிடுவார்கள், தாள் வயலிலேயே நிற்கும். இலையுதிர் காலத்தில் அதே வயலில் மறுபடி தண்ணீர் கட்டுவார்கள். நெல் வளர்கிறபோதே வயலில் விட்ட கிராஃபிஷ் மண்ணுக்குள் வளை தோண்டிப் பதுங்கியிருக்கும், தண்ணீர் ஏறியதும் குஞ்சுகளோடு வெளியே வரும். அழுகுகிற தாள்தான் அதற்கான உணவுச் சங்கிலிக்கு ஆதாரம். வசந்தம் முடிகிறவரை கம்பிக்கூண்டு வைத்து, தட்டைப் படகில் போய் எடுப்பார்கள். ஒரே வயல், ஒரே வரப்பு, இரண்டு வெள்ளாமை. நம் ஊரில் வயல் நண்டு பிடித்துக் குழம்பு வைப்பதை யாராவது இப்படித் தொழிலாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நெல் இருப்பதால் சோறு. இதுதான் எனக்கு இங்கே பெரிய ஆறுதல். கம்போ என்கிற குழம்பு சோற்றின் மேல், சிவப்பு பீன்ஸ் சோற்றின் மேல், ஜம்பலாயா என்றால் சோறேதான். நியூ ஆர்லியன்ஸ்காரர்களுக்குத் திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். பழைய காலத்தில் திங்கள் துணி துவைக்கிற நாளாம், பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டு வெளுக்கப் போய்விடலாம், தானாக வேகும். கம்போ என்கிற பெயரே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வெண்டைக்காய் வந்தது, பூர்வகுடிகளான சாக்டா மக்கள் சாஸஃப்ராஸ் இலைப்பொடியைக் கொடுத்தார்கள், ரூ பிரெஞ்சுக்காரர்களுடையது. ரூ கிண்டுவதை மட்டும் ஒரு தரம் பார்க்க வேண்டும். மாவும் எண்ணெயும், முக்கால் மணி நேரம், அடுப்பை விட்டு நகரக் கூடாது, சாக்லேட் நிறம் வரவேண்டும், ஒரு பொட்டு கருகினாலும் கொட்டிவிட்டு முதலிலிருந்து. குற்றாலத்துத் தம்பிக்கு அல்வா கிண்டுவதை நான் விளக்க வேண்டியதில்லை. ரூ கிண்டும்போது அந்த வீட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள், அடி விழும்.

ஆனால் நான் எழுத வந்தது மொழியைப் பற்றி. கேஜன் மக்கள் முதலில் கனடாவில் அகேடியாவில் இருந்தவர்கள், இன்றைய நோவா ஸ்கோஷியா பக்கம். 1755-இல் ஆங்கிலேயர் அவர்களைப் பிடித்துக் கப்பலேற்றித் துரத்தினார்கள், அலைந்து திரிந்து ஒரு பகுதியினர் இங்கே வந்தார்கள். பையூக்களில், அதாவது இந்த மெதுவாக ஓடுகிற நீரோடைகளின் ஓரத்தில், பிரெஞ்சு பேசிக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். 1921-இல் மாநில அரசியல் சட்டம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சொன்னது. என் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எண்பத்தேழு வயது. ஆறு வயதில் பள்ளிக்குப் போனபோது அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஒன்றுக்குப் போக அனுமதி கேட்க ஆங்கிலம் தெரியாமல் கால்சட்டையிலேயே போய்விட்டதைச் சொன்னார். பிரெஞ்சு பேசினால் முழங்கால் போட வேண்டும், இல்லையென்றால் பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேச மாட்டேன் என்று நூறு தடவை எழுத வேண்டும். அதனால் தன் பிள்ளைகளுக்கு அவர் பிரெஞ்சு சொல்லியே தரவில்லை. நான் படித்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம் என்றேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பேசினாயா?" என்றார். பேசினேன் தாத்தா, நிறைய ஐந்து ரூபாய் கட்டினேன் என்றேன். எழுந்து போய் இரண்டு பீர் எடுத்து வந்தார்.

1968-இல் பிரெஞ்சைக் காப்பாற்ற மாநில அரசே கோடோஃபில் என்று ஒரு அமைப்பைத் தொடங்கியது. இப்போது அரசுப் பள்ளிகளிலேயே பிரெஞ்சு வழியில் பாடம் நடத்துகிற வகுப்புகள் இருக்கின்றன. தாத்தாவின் கொள்ளுப்பேத்தி அதில் படிக்கிறாள். தாத்தாவும் அவளும் பேசிக்கொள்கிறார்கள், நடுவில் இருக்கிற இரண்டு தலைமுறைக்கு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிக்கரிக்காரி

வண்டல்மண், காலையிலேயே அழ வைத்துவிட்டீர்கள்.

என் பங்குக்கு ஒன்று. இந்த ஊர்ச் சாவு ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பித்தளை வாத்தியக் குழு முன்னால், குடும்பம் பின்னால். கல்லறைக்குப் போகும்வரை மெதுவான துக்க இசை. உடலுக்கு விடைகொடுத்த பிறகு டிரம் மாறும், எல்லாரும் குடையைச் சுழற்றி, கைக்குட்டையை வீசி ஆடிக்கொண்டே திரும்புவார்கள். குடும்பத்துக்குப் பின்னால் சேர்ந்துகொள்கிற ஊர்க் கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர், யார் வேண்டுமானாலும் சேரலாம். என்னோடு வேலை பார்க்கிற வட மாநிலத்துப் பெண் அதிர்ந்து போனாள், சாவில் ஆடுகிறார்களே என்று. வியாசர்பாடியில் வளர்ந்த எனக்கு என்ன அதிர்ச்சி? பறையும் ஆட்டமும் இல்லாமல் எங்கள் தெருவில் எந்தப் பெரியவரும் போனதில்லை. கல்லறைகளும் நம் கல்லறைத் திருநாள் மாதிரியேதான், நவம்பர் 1-ஆம் தேதி வெள்ளையடித்துப் பூ வைக்கிறார்கள். கல்லறையெல்லாம் தரைக்கு மேல் சின்னச் சின்ன வீடுகளாக நிற்கும்.

சைவப்பூனை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மொத்த இழையையும் படித்துவிட்டேன். பன்றி, இறால், கிராஃபிஷ். முட்டைகூடத் தொடாத நான் அந்த ஊரில் என்ன சாப்பிடுவது?

முதலைஅண்ணாச்சி

உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டகாலம்தான். சிவப்பு பீன்ஸ் என்று நம்பி வாங்காதீர்கள், அதில் சாசேஜ் கிடக்கும். 'காய்கறிதான்' என்பார்கள், பச்சை பீன்ஸிலேயே பேக்கன் போட்டிருப்பார்கள், அவர்கள் கணக்கில் பேக்கன் இறைச்சியில் சேர்த்தி இல்லை. பென்யே சாப்பிடலாம், நம் போண்டா மாவை இனிப்பாக்கிச் சதுரமாகப் பொரித்து மேலே சர்க்கரைப் பொடியைக் கொட்டினால் அதுதான். பால் சேர்ப்பார்கள், முட்டையும் சில இடங்களில் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

குற்றாலச்சாரல்

அண்ணாச்சி, அக்கா, கேட்டி சார், வண்டல்மண் எல்லாருக்கும் நன்றி. மனைவியும் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். காப்பீட்டுப் பகுதியை இரண்டு தடவை. மகளுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? வெயில் எப்படி? வேறு நான் எதிர்பார்க்காத விஷயம் ஏதாவது உண்டா?

முதலைஅண்ணாச்சி

வெயில், மே முதல் செப்டம்பர் வரை சென்னைக் கத்திரி, பிசுபிசுப்பு உட்பட. கொசு உண்டு.

மகளுக்கு: பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் நிஜப் புலி இருக்கிறது, மைக் என்று பெயர், காசு கொடுக்காமல் போய்ப் பார்க்கலாம். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் ஊரே ஊதாவும் பொன் நிறமுமாக ஃபுட்பால் பார்க்கப் போகும். ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். டிக்கெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காலையிலேயே வளாகம் முழுக்க அடுப்பு மூட்டியிருப்பார்கள், சும்மா நடந்து போனால் யாராவது கூப்பிட்டுக் கையில் ஒரு கிண்ணம் திணிப்பார்கள். லாஃபயெட்டில் ஏப்ரல் கடைசியில் சர்வதேச இசைத் திருவிழா, தெருவிலேயே நடக்கும், இலவசம். அங்கே சைடகோ என்கிற இந்த ஊர் இசையை வாசிக்கிறவர்கள் நெளிநெளியான தகரத்தைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு கரண்டியால் தேய்ப்பார்கள். என் மகன் வீட்டில் இட்லித் தட்டை வைத்துச் செய்து பார்த்தான்.

எதிர்பார்க்காதது என்றால், கவுண்டி (மாவட்டம்) என்று கேட்டால் முழிப்பார்கள், இங்கே பாரிஷ், மொத்தம் 64. சாலை நடுவில் இருக்கிற திட்டை நியூ ஆர்லியன்ஸில் 'நியூட்ரல் கிரவுண்ட்' என்பார்கள். சொத்துச் சட்டம் மற்ற மாநிலங்கள் மாதிரி இல்லை, பிரெஞ்சு, ஸ்பானிஷ் வழி வந்தது. ஒஹாயோவில் உயில் எழுதியிருந்தால் இங்கே ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், 24 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை உயிலில் சும்மா விட்டுவிட முடியாது.

வண்டல்மண்

ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள் தம்பி. பேட்டன் ரூஜிலிருந்து லாஃபயெட் வருகிற வழியில் அச்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் பாலம். மகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் நிற்கிற சைப்ரஸ் மரங்கள், கிளையெல்லாம் தாடி மாதிரி பாசி. நான் பிச்சாவரத்தை நினைத்துக்கொள்வேன்.

கேட்டிவாசி

போகிற வழியில் பாலத்தில் வேகக் கட்டுப்பாடு பாருங்கள், போலீஸ் நிற்பார். நான் அபராதம் கட்டியிருக்கிறேன். அப்புறம், மார்ச் மாதம் போகிறீர்கள் என்றால் எனக்கும் சொல்லுங்கள், ஐந்து மணி நேரத்துக்குள்தான், மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கிராஃபிஷ் சாக்கு என் செலவு.

முதலைஅண்ணாச்சி

வாருங்கள் சார். அண்டா என் வீட்டில் இருக்கிறது. தம்பி, மார்ச் இரண்டாவது சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோமா? வரும்போது ஒஹாயோக் கடையில் நல்ல பெருங்காயம் கிடைத்தால் இரண்டு டப்பா.

சைவப்பூனை

நானும் வருகிறேன். அந்தப் பென்யேயில் முட்டை இருக்கிறதா இல்லையா என்று யாராவது உறுதியாகச் சொல்லுங்களேன்.